பத்மா ஒரு சக்கரத்துக்கு வைத்த பெயர்

பத்மாவதி இறந்த செய்தி எனக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. ஜாக்கியில் ஏற்றிய ஒரு காரின் அடியில் படுத்திருந்தேன். அவர் மகள் கவிதா போனில், "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "முரளியை உங்ககிட்ட குடுக்கச் சொல்லிட்டுப் போனாங்க. வந்து எடுத்துக்கோங்க" என்றும் சொன்னாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முரளி என்பது பத்மாவின் கடைச் சுவரில் தொங்கிய ஒரு பழைய சக்கரம்.

நிஜ முரளி சார் அன்று மாலையே வந்தார். பிணத்தைவிட நீளமான ரோஜா மாலையோடு வந்தார். கார் பிரியர்கள் சங்கத்துக்கு இப்போது அவர்தான் தலைவர். "என் முதல் காருக்கு டயர் செலக்ட் பண்ணிக் குடுத்ததே இவங்கதான்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். பிறகு என் தோளில் கை போட்டார். "தங்கராஜ், ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டம். நான்தான் தலைமை. நீங்க கூட வேலை பாத்தவர், நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க, பிரிண்ட் பண்ணிடலாம். பழசெல்லாம் வேணாம்." சரி சார் என்றேன். அவரிடம் கொடுக்கவில்லை. நானே அச்சடித்து உங்கள் ஒவ்வொருவருடைய நாற்காலியிலும் வைத்திருக்கிறேன். இதில் பழசைத் தவிர வேறொன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அல்சூரில் ஒரு டயர் கடையில் நான் ஃபிட்டர், பத்மா பில் போடும் பெண். சின்னக் கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அப்போது ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. ஸ்பிரிங்கை இரண்டு சுற்று வெட்டி வண்டியைத் தரையோடு இறக்குவார்கள். இறக்கியதும் பழைய டயர் நோஞ்சானாகத் தெரியும். அகலமான டயர் கேட்டு எங்களிடம் வருவார்கள். அகலம் கூடினால் உயரமும் கூடும், இறக்கிய வண்டியில் அந்த உயரத்துக்கு இடம் கிடையாது. ஆகவே அகலத்தைக் கூட்டும்போது பக்கச் சுவரைக் குறைக்க வேண்டும். டயரில் எழுதியிருப்பதில் முதல் எண் அகலம், இரண்டாவது எண் அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 145/70 இருந்த இடத்தில் 165/60 போட்டால் மொத்த உயரம் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். இந்தக் கணக்கை பத்மா பில் புத்தகத்தின் பின்னட்டையில் போட்டுப் போட்டுத் தானே கற்றுக்கொண்டார். இரண்டே வருஷத்தில் சைஸ் கேட்டு யாரும் முதலாளியிடம் போவதில்லை.

கணக்கோடு அவர் விட்டுவிட மாட்டார். "முதல்ல வீட்டுல எத்தனை பேர்னு சொல்லுங்க, அப்புறம் சைஸ் பேசலாம்" என்பார். டயர் மாட்டும் நாளில் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் அழைத்து வரச் சொல்லுவார். டயரின் தோளில் சாக்பீஸைத் தேய்த்து, எல்லாரையும் உள்ளே உட்காரவைத்து, கடைக்கு முன்னால் வேகத்தடையாக இருந்த ரோடு ஹம்ப்பில் இரண்டு தடவை ஏற்றி இறக்கச் சொல்லுவார். பிறகு குனிந்து, சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் ஃபெண்டர் தகட்டின் உள்விளிம்பைத் தடவிப் பார்ப்பார். விரலில் வெள்ளை ஒட்டினால் அந்த சைஸ் கிடையாது, எவ்வளவு பெரிய ஆள் கெஞ்சினாலும் கிடையாது. ஒட்டாவிட்டால் டயர் சைஸையும் உட்கார்ந்த ஆட்களின் எண்ணிக்கையையும் ரிம்மின் உள்பக்கம் மஞ்சள் பெயிண்டில் எழுதுவார். "வண்டி காலியா நிக்கும்போது எல்லா டயரும் நல்ல டயர்தாண்ணா" என்பார் என்னிடம்.

முரளி சாரும் அப்படித்தான் குடும்பத்தோடு வந்தார். அவர், மனைவி, தம்பி, தம்பி மனைவி, அம்மா. அவ்வளவு தாழ்ந்த வண்டியில் அந்த அம்மாளால் குனிந்து ஏற முடியவில்லை. பத்மாதான் கையைப் பிடித்துப் பின் சீட்டின் நடுவில் உட்காரவைத்தார். "என்னம்மா காரு இது, பாய்ல உக்கார்ற மாதிரி இருக்கு" என்றார் அவர். "பயப்படாதீங்கம்மா, உங்களையும் சேத்துத்தான் டயர் போடறேன்" என்றார் பத்மா. விரலில் வெள்ளை ஒட்டவில்லை. ரிம்மில் எழுதினார்: 165/60, 5 பேர்.

ஒரு மாதம் கழித்து அல்சூர் ஏரி சிக்னலில் அதே காரைப் பார்த்தேன். டயர் ஃபெண்டருக்குள் முட்ட முட்ட நிறைந்திருந்தது. குனிந்து பார்த்தேன், 175/70. எங்கள் டயரில் இரண்டு விரல் இடைவெளி தெரிகிறது, அசிங்கமாக இருக்கிறது என்று வேறெங்கோ மாற்றியிருக்கிறார். "சூப்பரா இருக்குல்ல? உங்க மேடம்கிட்ட சொல்லாதீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த வாரம் குடும்பத்தோடு ஆனேக்கல் போய்த் திரும்பும் வழியில் பின் டயர் வெடித்து வண்டி பள்ளத்தில் இறங்கியது. அந்த அம்மாளுக்குத் தோள்பட்டை உடைந்தது. மறுநாள் முரளி சார் கடைக்கு வந்து, சங்கத்துப் பையன்கள் பத்துப் பேர் பார்க்க பத்மாவின் மேஜையைத் தட்டிக் கத்தினார். "பொம்பளைகிட்ட டயர் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்! எங்கம்மாவைக் கொல்லப் பாத்தியேடி!"

பத்மா எழுந்து நின்றார். "சக்கரத்தைக் கொண்டாங்க சார். உள்பக்கம் என்ன எழுதியிருக்கு, வெளிப்பக்கம் என்ன டயர் இருக்குன்னு எல்லாரும் பாக்கலாம்."

"அதெல்லாம் அங்கயே பழைய இரும்புக்குப் போட்டாச்சு" என்றார் அவர்.

பத்மா என்னைப் பார்த்தார். நான் சிக்னலில் பார்த்தது அவருக்குத் தெரியாது. ஆனால் என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். முதலாளியும் என்னைப் பார்த்தார். பத்துப் பையன்களும் எங்கள் கடையின் நிரந்தர வாடிக்கை. நான் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அந்தச் சனிக்கிழமையோடு பத்மாவை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் இப்போது இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் பத்மா குஜரி கடைகளில் ஏறி இறங்கினார். பழைய இரும்புக் குவியல்களில் ஒவ்வொரு ரிம்மாகத் திருப்பிப் பார்த்தார். ஏழாவது மாதம் ஓசூர் ரோடு குஜரி ஒன்றில் அது கிடைத்தது. வெடித்த 175/70 டயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, ஃபெண்டர் விளிம்பு அறுத்த கோடு சுற்றிலும் தெரிந்தது, உள்ளே அவருடைய மஞ்சள் எழுத்து. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேராக முரளி சார் வீட்டுக்குப் போனார். கேட்டைப் பாதி திறந்து அவர் எட்டிப் பார்த்தார், சக்கரத்தையும் பார்த்தார். "அம்மா தூங்கறாங்க, சத்தம் போடாதீங்க" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினார்.

இதை என்னிடம் சொன்னபோதுதான் பத்மா அழுதார். "அந்தாளு திட்டினது போய்த் தொலையட்டும்ணா. அந்தம்மா கையைப் பிடிச்சு உக்கார வெச்சேன். அவங்க என்னைப் பத்தி என்ன நெனச்சுட்டிருப்பாங்க?" அன்றுதான் நானும் சிக்னல் விஷயத்தைச் சொன்னேன்.

மர்பி டவுனில் சொந்தக் கடை போட்டதும் அந்தச் சக்கரத்தை வாசலுக்கு நேரே மாட்டினார். இது என்ன என்று கேட்பவர்களிடம், "பேரு முரளி. வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு" என்பார். ஆயுத பூஜைக்கு ஜாக்கி, பம்பு, பில் புத்தகம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. முரளிக்கு மட்டும் கிடையாது. பன்னிரண்டு பூஜைகள் அப்படிப் போயின. மன்னிக்கச் சொன்ன பாதிரியாரையும் பூசாரியையும் ஒரே மாதிரி டீ கொடுத்து அனுப்பிவைத்தார். அவருடைய அந்தப் பிடிவாதத்தை நான் கும்பிடுகிறேன்.

என்னையும் அவர் சும்மா விடவில்லை. இறக்கிய வண்டி வந்து, உட்கார ஆள் குறைந்தால் எனக்குப் போன் வரும். கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். பின் சீட்டின் நடுவைக் காட்டுவார். "அன்னிக்குப் பேசாம நின்னீங்கல்லண்ணா? இப்பவும் பேசாம உக்காருங்க." நானும் ஹம்ப்பில் தலை இடிக்க இடிக்க உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது நியாயமாகவே பட்டது. போன மாதம்கூட உட்கார்ந்தேன். குனிந்து விரலைப் பார்த்துவிட்டு, "எறங்குங்கண்ணா, நல்லாருக்கு" என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்தச் சக்கரம் மட்டுமே. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன், துடைக்கவும் மாட்டேன், இனி வரும் ஆயுத பூஜைகளிலும் குங்குமம் கிடையாது. இன்று மட்டும் மேடையில், அவர் படத்துக்குப் பக்கத்தில், உள்பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். தலைவர் மாலை போட வரும்போது அதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

முரளி சார், உங்கள் அம்மா இன்றும் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்குவதில்லை என்று கவிதா சொன்னாள். அவள் நேற்று உங்கள் வீட்டுக்குப் போயிருந்தாள். நீங்கள் வெளியே போயிருந்தீர்களாம், அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாராம். அவரை அவளே காரில் அழைத்து வந்திருக்கிறாள். முதல் வரிசையில் நடு நாற்காலி அவருக்கு. பார்வை கொஞ்சம் மங்கல் என்றார்களாம், அதனால் அவர் கையில் இருக்கும் தாளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொன்னேன்.