வரிசையைச் சுருக்கப் போன நாள்

வரிசை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு பெண்கள் மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுவைக்கு நிற்பார்களே, அந்த வரிசை என் பொறுப்பு. நான் வருவதற்கு முன்னால் அங்கே நின்று நின்றே அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் போய்விடும். தூரத்து மலையில் பறிப்பவர்கள் முதலில், பக்கத்து மலையில் பறிப்பவர்கள் பிறகு என்று மாற்றினேன். சாக்கின் வாயை முன்கூட்டியே அவிழ்த்து வைத்திருக்கச் சொன்னேன். பாதி நேரம் மிச்சமானது. அதற்காக யாரும் எனக்கு மாலை போடவில்லை. நானே மனதுக்குள் ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

அதனால்தான் தங்கச்சி மகளை நுவரெலியாப் பக்கம் இருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும் பேச்சு வந்தபோது, திட்டம் போடுகிற வேலையை யாரும் கேட்காமலேயே எடுத்துக்கொண்டேன். தங்கச்சியும் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள்தான். பூங்காப் பயணம் முடிந்த இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போவதாக இருந்தாள், இரண்டு வருட ஒப்பந்தம். மச்சானுக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார். ஏழு வயது மகள் எங்கள் வீட்டில் என்னோடும் என் மனைவியோடும் இருப்பாள் என்று ஏற்பாடு.

சேதி தெரிந்த நாளிலிருந்து பிள்ளை ஒரு வாரம் அழுதாள். சோறு வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம், அம்மாவின் சேலையை விடமாட்டேன் என்று ஒரே ரகளை. பிறகு ஒருநாள் அழுகை தானாக நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டோம். ஏன் நின்றது என்று நான் விசாரிக்கவில்லை. நின்ற அழுகையை யாராவது கிளறுவார்களா?

எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவும் பௌர்ணமிப் போயாவும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்த விடுமுறை, கொழும்பே கிளம்பி மலைக்கு வந்திருக்கும். பூங்காவில் ஆறு விளையாட்டுகள். மாலை நாலு மணி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் ஆறிலும் பிள்ளை அம்மாவோடு ஏறியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு அந்த நினைப்பாவது அவளுக்கு மிஞ்சட்டும் என்று நினைத்தேன். நான்கு நாள் கைப்பேசியில், வெளிநாட்டுப் பூங்காக்களில் காத்திருக்கும் நேரத்தை எப்படிக் குறைப்பது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன்.

விடியற்காலை பஸ்ஸில் ஹட்டன், அங்கிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா. வாசல் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே போய் நின்றோம். இது முதல் உபாயம். இரண்டாவது, உள்ளே போனதும் கண்ணில் படுகிற முதல் விளையாட்டுக்கு ஓடக்கூடாது. எல்லோரும் அங்கேதான் மொய்ப்பார்கள். கடைசி மூலைக்குப் போய் அங்கிருந்து வாசலை நோக்கி வரவேண்டும்.

கடைசி மூலையில் பெரிய தேநீர்க் கோப்பைகளுக்குள் ஆட்களை உட்கார வைத்துச் சுற்றும் விளையாட்டு இருந்தது. வரிசையே இல்லை. தங்கச்சி கோப்பைக்குள் காலை வைத்துக்கொண்டே, "காலமெல்லாம் கொழுந்து பறிச்சது பத்தாதுன்னு என்னையும் கோப்பைக்குள்ள போட்டுட்டீங்களேண்ணே" என்று சிரித்தாள். பிள்ளையும் சுற்றி முடியும் வரை வயிறு குலுங்கச் சிரித்தாள். சரி, திட்டம் வேலை செய்கிறது என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இறங்கியதும், "மாமா, இன்னும் எத்தன இருக்கு?" என்று கேட்டாள்.

"அஞ்சு. மாமா இருக்கேன்ல, மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவோம்."

பிள்ளையின் முகம் சட்டென்று சுருங்கியது. "இதுலயே இன்னொரு வாட்டி ஏறுவோம் மாமா" என்றாள். முதலில் ஆறையும் முடிப்போம், மிச்ச நேரத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம் என்றேன். இதைவிட நியாயமாக ஒரு மனிதன் பேச முடியுமா? அவளோ நான் ஏதோ பிடுங்கிக்கொண்டதுபோல் பார்த்தாள்.

அடுத்தது சின்ன ரயில். முன்னால் எட்டுப் பேர்தான். எங்கள் முறை வந்ததும் பிள்ளை பின்னால் நின்ற ஒரு குடும்பத்தைப் பார்த்து, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று கையைக் காட்டிவிட்டாள். அவர்கள் சிங்களக் குடும்பம், பாஷை புரியாவிட்டாலும் கை புரிந்துவிட்டது. தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு ஏறிப் போனார்கள். ரயில் நிறைந்துவிட்டது. என்ன பாப்பா இது என்றால், "அவங்க பாவம் மாமா" என்கிறாள். நெற்றியில் கூலிங் கிளாஸும் ஆளுக்கொரு ஐஸ்கிரீமுமாக நின்ற குடும்பத்தில் என்ன பாவத்தைக் கண்டாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. தங்கச்சி மட்டும், நல்ல குணம் என்று மகளை முத்தமிட்டாள்.

மோதுகிற காருக்குப் போனால், கதவைத் திறக்கும் நேரத்தில் பிள்ளைக்கு மூத்திரம் வந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். தங்கச்சி அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து மறுபடியும் கடைசியில் நின்றோம். இந்தத் தடவை பிள்ளை, செருப்பு வார் அறுந்துவிட்டது என்றாள். குனிந்து பார்த்தேன். அறுபடவில்லை, கழற்றி விட்டிருந்தாள். ஏறின பிறகு அவளைப் பார்க்க வேண்டும்! அம்மாவின் மடியில் ஒட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து எதிரில் வந்தவனையெல்லாம் இடித்துக் கூத்தடித்தாள். ஏற ஆசை இல்லை என்றும் சொல்ல முடியாது. எனக்கு மண்டை காய்ந்தது.

குதிரை ராட்டினத்தில் சின்னக் குழப்பம் என்னால் வந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் லய வீடுகளுக்குப் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் யாரும் கால் வலிக்க நிற்க மாட்டார்கள். வாளியை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி, அதை நகர்த்துகிற துணிச்சல் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் கிடையாது. அந்தப் பழக்கத்தில் நான் குடையையும் சாப்பாட்டுப் பையையும் குதிரை ராட்டின வரிசையில் வைத்துவிட்டு, ஊஞ்சல் படகு வரிசையில் போய் நின்றுகொண்டேன். ஒரே நேரத்தில் இரண்டு வரிசை, எந்த வீடியோவிலும் இல்லாத உபாயம்!

கொஞ்ச நேரத்தில் அங்கே வேலை செய்யும் பொடியன் என் பையைத் தூக்கிப் பிடித்து, "மே காகெத, மே காகெத" என்று, இது யாருடையது எனக் கூட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தான். அநாதைப் பையைக் கண்டால் சனங்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு விலகி ஓடினார்கள். பையில் இருப்பது ரொட்டியும் சம்பலும்தான் என்று சிங்களத்தில் விளக்கிச் சொல்லித் திறந்தும் காட்டினேன். இங்கே ஆள்தான் நிற்க வேண்டும், பை நிற்கக் கூடாது என்றான். இரண்டு இடமும் போய்விட்டது. நான் அவமானத்தில் நிற்கிறேன், பிள்ளைக்கோ அன்றைக்கு அதைப் போல் ஒரு சந்தோஷம் இல்லை. "மறுபடி கடைசிக்குப் போகணுமா மாமா?" என்று குதித்துக்கொண்டு கேட்டாள்.

படகில் ஒற்றை ஒற்றையாக இடம் காலியாகும். தனித்தனியே ஏறினால் சீக்கிரம் முடியும் என்பது இன்னொரு உபாயம். பிள்ளை ஒரு படகிலும் அம்மா அடுத்ததிலும் போகட்டுமே என்று யோசனை சொன்னேன். தங்கச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவகூட ஏறத்தானேண்ணே வந்தேன். அவள ஒரு பக்கம், என்னைய ஒரு பக்கம் பிரிச்சு ஏத்துறதுக்கா?"

அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அந்த யோசனையைக் கைவிட்டேன். வரிசையில் அவர்கள் இரண்டு பேரும் கைகோத்து நின்றார்கள். பிள்ளை ஏதோ கதை சொல்லிக்கொண்டே வந்தாள், தங்கச்சி குனிந்து குனிந்து கேட்டாள். எனக்கு மட்டும் கடிகாரம் ஓடியது.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. கொழும்புச் சனம் அலறியடித்துக்கொண்டு கடைகளுக்குள் ஒதுங்கியது. இது நான் காத்திருந்த நேரம். மழைக்கு ஓடுகிற வழக்கம் எங்களுக்கு எங்கே இருக்கிறது? மழையிலேயே கொழுந்து பறிக்கிற சாதி நாங்கள். தூறல் குறைந்து ராட்டினம் மறுபடி சுற்றத் தொடங்கும்போது முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பெரிய ராட்டினத்தின் அடியில் போய் நின்றேன். இழுபறியோடு ஐந்திலும் ஏறி முடித்திருந்தோம். மிச்சம் இது ஒன்றுதான். பிள்ளை இரண்டு வாரமாக வாய் ஓயாமல் பேசியதும் இதைப் பற்றித்தான். அதன் உச்சியிலிருந்து பார்த்தால் எங்கள் தோட்டம் தெரியுமா என்று என்னைப் பிய்த்து எடுத்திருக்கிறாள்.

தூறல் குறைந்தது. முன்னால் ஒருவர்கூட இல்லை. ராட்டினக்காரர் ஒரு பெட்டியின் ஈரத்தைத் துடைத்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். என் வாழ்க்கையில் நான் சுருக்கிய வரிசைகளிலேயே அதுதான் உச்சம். காத்திருக்க வேண்டிய நேரம் பூஜ்யம்.

பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்" என்றாள்.

பயமா என்றேன். இல்லையாம். குளிரா என்றேன். இல்லையாம். வயிற்று வலியா, பசியா, தலை சுற்றலா? ஒன்றும் இல்லை. "இன்னொரு நாளைக்கு ஏறுவோம்." இன்னொரு நாள் எங்கே இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராட்டினக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கூசியது. "விடுங்கண்ணே, புள்ளைக்கு மனசில்ல" என்றாள் தங்கச்சி. கடைசியில் ராட்டினக்காரர் கதவை மூடிவிட்டு, வெறும் பெட்டியையே சுற்ற விட்டார்.

பஸ்ஸில் நான் முன் சீட்டில் உம்மென்று வந்தேன். பின்னால் பிள்ளை மிச்ச ரொட்டியைத் தின்றுகொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, அப்படி ஒரு குஷி. ஆசைப்பட்ட ராட்டினத்தை விட்டுவிட்டு வருகிற பிள்ளை மாதிரியா இருந்தாள்? எங்கே பிழைவிட்டேன் என்று ஹட்டன் வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வேன் வருவதாக இருந்தது. எந்த நாள், எத்தனை மணி என்று பிள்ளையிடம் சொல்லத் தங்கச்சிக்கு வாய் வரவில்லை. வழக்கம்போலச் சீருடை போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். ஆனாலும் வீட்டில் கட்டி வைத்த பெட்டி நடுவில் நிற்கிறது, அக்கம்பக்கத்தார் வந்து போகிறார்கள், அம்மாவின் கண் சிவந்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்? கதறி அழுவாள், வாசலில் புரளுவாள் என்று நாங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் பையை மாட்டிக்கொண்டு, "ஏம்மா அழுறீங்க? போயிட்டு வாரேன்" என்று கையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். பெரிய மனுஷி மாதிரி நடந்துகொண்டாள் என்று என் மனைவி மெச்சினாள். எனக்கு அது சரியாகவே படவில்லை. ஆனால் எது சரியில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் நேரே உள்ளே போனாள். அறையைப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள், வெளியே வந்தாள்.

"அம்மா எங்க மாமா?"

"போயிட்டாங்கம்மா. ரெண்டே வருஷந்தான், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துருவாங்க."

"பொய்" என்றாள். அழவில்லை. என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். "பெரிய ராட்டினம் இன்னும் ஏறலையே. அம்மா எப்படிப் போவாங்க?"

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று திகைத்துப் போனேன். கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து தங்கச்சியைக் கூப்பிட்டேன். வேன் அவிசாவளைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை சொன்னதைச் சொன்னேன்.

"அன்னிக்கி அழுகைய நிப்பாட்டறதுக்கு நாந்தாண்ணே சொன்னேன்" என்றாள். "பூங்காவுல உள்ள எல்லாத்துலயும் ரெண்டு பேரும் ஏறி முடிக்கிற வரைக்கும் அம்மா எங்கயும் போக மாட்டேன்னு. சொன்னத நானே மறந்துட்டேண்ணே."

கைப்பேசியை வைத்தேன். ஒரு நாள் முழுக்க நான் ஒவ்வொரு வரிசையாகச் சுருக்கச் சுருக்க, அந்தச் சின்னப் பிள்ளை தனியாளாக என்னோடு மல்லுக்கட்டி நீட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். நான் அவளை ஈரத் தரையில் இழுத்தேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். சீருடையைக்கூட மாற்றாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும், சிரிப்பு போயிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் ஏறவே இல்லையே மாமா" என்றாள். "நீங்களும் பாத்தீங்கதானே?"

"பாத்தேன்மா" என்றேன்.