டானிக் போட்ட ஜெல்லி

என் மகளுக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. புளுகுணி. அவள் சொன்ன ஓர் உண்மைக்குக் கிடைத்த பட்டம் அது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பீளமேட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஒரு நூல் மில்லில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை. அங்கே ஜன்னல் இல்லாத ஓர் அறையும் அதில் ஊதா நிறத்தில் எரியும் ஒரு குழல் விளக்கும் உண்டு. நூல் சுற்றிய கோன்களைச் சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. அந்த விளக்குக்கு அடியில் வைத்தால், வேறு பஞ்சில் நூற்ற கோன் மட்டும் வேறு நிறம் காட்டி மாட்டிக்கொள்ளும். ஆயுத பூஜைக்கு மில்லில் குடும்பத்தோடு வரச்சொல்லிப் பொரிகடலை கொடுப்பார்கள். அந்த வருஷம் மகளை அந்த அறைக்குக் கூட்டிப்போய் விளக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அப்பாவின் வெள்ளைச் சட்டை நீலமாகப் பளபளத்ததைப் பார்த்தவளுக்கு வீட்டுக்கு வந்தும் வாய் மூடவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் சொல்லிவிட்டாள். "எங்கப்பாகிட்ட ஒரு லைட்டு இருக்குது. அதுக்கடியில நின்னாச் சட்டை மின்னும், பல்லு மின்னும்."

பக்கத்தில் உட்காரும் இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி உண்டு. அவள் அப்பா மோட்டார் பம்பு பட்டறை வைத்திருந்தார். அதனால் மின்சாரம் சம்பந்தப்பட்ட எல்லா விஷயத்திலும் அவள் வைத்ததுதான் தீர்ப்பு. "புளுகாதே" என்றாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுக்கப் பட்டம் பரவிவிட்டது.

மகள் அழுதுகொண்டு வந்தாள். நான் கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்தேன். "சொன்னாச் சொல்லீட்டுப் போறாங்க, உடு கண்ணு" என்றேன். எனக்கென்ன, சொல்வது சுலபம். மாவு வழிக்கிற கையோடு சொல்லிவிடலாம்.

அவள் பிறந்தநாள் நெருங்கும்போதுதான் அந்த இதழ் என் கையில் சிக்கியது. பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டு மாத இதழ்களை எடைக்கு வாங்கி வந்து படம் பார்ப்பது எனக்கு ஒரு வழக்கம். அந்த இதழின் ஒரு பக்கத்தில் கும்மிருட்டு. நடுவே ஒரு தட்டில் நீலமாக மின்னும் ஜெல்லி. சுற்றி வாயைப் பிளந்த பிள்ளைகள். பக்கத்தின் ஓரத்தில் இருந்த விளக்கின் படத்தைப் பார்த்த என் வீட்டுக்காரர், "அட, இது நம்ம மில்லு லைட்டுங்க, அம்மிணி" என்றார். பெற்ற மகளையும் கட்டிய மனைவியையும் வாழைக்காய்க் கடைக்காரரையும் ஒரே மரியாதையில் 'ங்க' போட்டு அழைக்கிற மனிதர் அவர்.

"அப்ப நம்மளும் செஞ்சரலாங்களா?" என்று மகள் கேட்டாள்.

"செஞ்சாப் போச்சு" என்றேன்.

போகவில்லை. அடுத்த நாளே அவள் இரட்டைச் சடையையும் சேர்த்து ஆறு பெண்களை அழைத்துவிட்டு வந்தாள். "சனிக்கிழமை எங்க ஊட்டுக்கு வாங்க, இருட்டுல மின்னற ஜெல்லி தாரேன்" என்றாளாம். அதற்கு இரட்டைச் சடை, "மின்னலைன்னா வருசம் முச்சூடும் நீ புளுகுணிதான்" என்றிருக்கிறாள். வகுப்பே அதற்குச் சாட்சி. மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "மின்னுமுங்களாம்மா?" என்று கேட்டபோதுதான் அந்த இதழை மறுபடி தேடி எடுத்தேன்.

செய்முறையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஜெல்லி, சர்க்கரை, அப்புறம் 'டானிக் வாட்டர்'. நம் ஊரில் டானிக்குக்கு என்ன பஞ்சம்? இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்கு வீட்டுக்காரரை மருந்துக்கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் யோசித்துவிட்டு, "டானிக்கு இருக்குதுங்க. வாட்டரை நீங்க ஊட்ல ஊத்திக்கங்க" என்றாராம். அவர் சொன்னதில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. டானிக் வாட்டர் என்பது ஒரு கசப்பு சோடா, பெரிய இடத்து ஆண்கள் மதுவில் கலந்து குடிப்பது என்று பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வரவேற்பில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றே தெரிந்திருந்தால் இந்த மனிதர் ஒயின்ஷாப் வாசலில் நின்று, "ஏனுங்க, பாப்பா பொறந்தநாளுக்குங்க" என்று கேட்டிருப்பார். தெரியாமல் இருந்ததே நல்லது.

வீட்டில் இரண்டு டானிக் இருந்தன. ஒன்று எனக்கு ரத்தம் பத்தாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து டானிக். இன்னொன்று மகளுக்குத் தினமும் காலையில் ஒரு ஸ்பூன் கொடுக்கும் மஞ்சள் நிற பி காம்ப்ளக்ஸ். பிள்ளையின் சத்து மருந்தை வீணாக்குவானேன் என்று என்னுடையதை எடுத்தேன். தாய்மை!

சைனா கிராஸ் என்கிற கடல்பாசியை ஊறவைத்துக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, டானிக்கையும் சிறுவாணித் தண்ணியையும் ஊற்றி எவர்சில்வர் தட்டில் ஆறவிட்டேன். உறைந்ததும் பார்த்தால் புதிதாகத் தார் போட்ட அவினாசி ரோடு.

விளக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தது. அதைக் கேட்டு வாங்குவதற்குள் என் வீட்டுக்காரர் பட்ட பாடு தனிக்கதை. மேலதிகாரி முன்னால் போய் நின்று, "ஏனுங்க... ஒண்ணுமில்லீங்க..." என்று இரண்டு நாள் திரும்பி வந்திருக்கிறார். கடைசியில் அந்த அதிகாரியே எரிச்சலில், "என்ன வேணும், சொல்லித் தொலைங்க" என்று கேட்க, திங்கட்கிழமை காலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற பேச்சில் உபரி விளக்கு ஒன்று கிடைத்தது. அதை வேட்டியில் சுற்றி, பச்சைப் பிள்ளையைக் கொண்டு வருவதுபோல மொபெட்டில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

படுக்கையறை ஜன்னலைப் பவானி ஜமக்காளத்தால் மூடினோம். தட்டை நடுவில் வைத்து விளக்கைப் போட்டார். அவருடைய பனியன் மின்னியது. பல் மின்னியது. என் சேலையில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசி மின்னியது. ஜெல்லியைத் தவிர அந்த அறையில் எல்லாமே மின்னின. ஜெல்லி இருட்டுக்குள் ஓர் இருட்டாக உட்கார்ந்திருந்தது.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "நான் திங்கக்கிழமை இஸ்கூலுக்குப் போகலீங்க" என்று மட்டும் சொன்னாள். உண்மையைச் சொன்ன பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கப்போகிறோமே என்று என் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வழக்கம்போல வீட்டுக்காரர் மேல் இறக்கினேன். "நல்ல லைட்டாப் பாத்து வாங்கீட்டு வரத் தெரியாதுங்களா?"

அவரோ கோன் பார்க்கும் பழக்கத்தில், விளக்கைக் கையில் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். பீரோவுக்குப் பின்னால் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். "அம்மிணி, சித்தெ இங்க வாங்க."

பீரோவுக்கும் சுவருக்கும் இடையில், ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து தரைவரைக்கும், மஞ்சளும் பச்சையுமாகக் கோடு கோடாகச் சுவர் ஜொலித்துக்கொண்டிருந்தது. புதுக்கோடு, பழங்கோடு, ஒன்றின் மேல் ஒன்று. அவர் குனிந்து மோந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "ஏனுங் கண்ணு, இது உங்க டானிக்குங்களா?"

மகள் தரையைப் பார்த்தாள்.

"தெனமும் குடிச்சேன் குடிச்சேன்னு சொன்னியேடீ!" என்றேன் நான்.

"குடிச்சனுங்க. அப்புறந்தான் துப்பிப்போட்டனுங்க" என்றாள். "புளுகலீங்கம்மா."

கை தானாக ஓங்கியது. அதற்குள் அவர் மஞ்சள் டானிக் பாட்டிலைக் கொண்டுவந்து விளக்கடியில் நீட்டினார். பாட்டிலுக்குள் யாரோ பல்பு போட்ட மாதிரி எரிந்தது. ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளை இழுத்து அணைத்து உச்சியில் முத்தம் கொடுத்தேன். மருந்தைத் துப்பியதற்காக அம்மாவிடம் முத்தம் வாங்கிய பிள்ளை கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்க மருந்துக்கடைக்கு மறுபடி ஓடினார். "ஏழு பேருக்குக் கலந்தா ஆளுக்கு அரை ஸ்பூன்தானுங்க வரும், ஒண்ணும் பண்ணாது" என்று கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்தார். இந்த முறை ஜெல்லி நல்ல மஞ்சளாக உறைந்தது. வாசம்தான் கொஞ்சம் ஆஸ்பத்திரி.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு பேரும் வந்தார்கள். இரட்டைச் சடை வாசலிலேயே, "ஜெல்லி எங்கீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். கேக் வெட்டியதும் எல்லோரையும் படுக்கையறையில் அடைத்துக் கதவைச் சாத்தினோம். விளக்கு உடனே எரியவில்லை. கண் சிமிட்டியது, அணைந்தது, மறுபடி சிமிட்டியது. இருட்டுக்குள் இரட்டைச் சடை, "நாந்தான் அப்பவே சொன்னன்ல" என்று ஆரம்பித்தாள். என் மகளின் கை என் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. சில்லென்று இருந்தது. மருதமலை முருகனுக்கு நான் அவசரமாக ஒரு வேண்டுதல் வைத்தேன்.

விளக்குப் பிடித்துக்கொண்டது. தட்டு நிறையப் பச்சைத் தங்கமாக ஜெல்லி மின்னியது. "நாந்தான்" என்று திறந்த வாய் திறந்தபடியே நிற்க, இரட்டைச் சடையின் பற்களும் மின்னின. விழுந்த முன்பல்லின் இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. தேன்கூடு கலைந்தாற்போல ஒரு சத்தம் எழுந்தது ஆறு பிள்ளைகளிடமிருந்து. என் மகள் என் கையை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். ஜெயித்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள் போலிருக்கிறது.

பிறகு தின்றார்கள். ஒவ்வொரு முகமாகக் கோணியது. இரட்டைச் சடை கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, "இது டானிக்கு!" என்றாள். ஊர்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த வாசம் அத்துபடி. வீட்டுக்கு வந்த இடத்தில் எங்கே துப்புவது என்று விழித்தார்கள்.

"பீரோவுக்குப் பின்னால துப்பிக்கலாம்" என்றாள் என் மகள், விருந்தாளியை உபசரிக்கும் குரலில்.

நான் தடுப்பதற்குள் வரிசை கட்டிவிட்டார்கள். துப்பிய இடம் மின்னுவதைப் பார்த்ததும் கொண்டாட்டம் களை கட்டியது. துப்புவதற்காகவே இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்கள். தட்டு காலி. இதுவரை நான் செய்த எந்தப் பலகாரமும் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்ததில்லை. வீட்டுக்காரர் ஓரமாக நின்று, "பாத்துங்க கண்ணு, மெதுவாங்க" என்று துப்பலை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை விளக்கு மில்லுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் இரட்டைச் சடையை அவள் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையின் கண் வீங்கியிருந்தது.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அந்த அம்மா தொடங்கினார். "இவ ரெண்டு நாளா ஒரே புளுகுங்க. ஜெல்லி மின்னுச்சாமா. செவுத்துல துப்புனாச் செவுரும் மின்னுச்சாமா. நீங்களே கேட்டுத் திட்டுனாத்தான் அடங்குவாளுங்க."

"மின்னுச்சுங்க" என்றேன்.

"அப்படீங்களா" என்றார் அவர்.

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் பொய் சொல்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். 'அப்படீங்களா' என்பார்கள். அதில் எல்லாம் அடங்கிவிடும்.

"ஒரு லைட்டுங்க, மில்லுல இருந்து வந்துச்சுங்க" என்றேன்.

"எங்கீங்க?"

"காத்தாலதான் திருப்பிக் குடுத்துட்டாருங்க."

"அப்படீங்களா."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவரை உள்ளே கூட்டிப்போய் பீரோவுக்குப் பின்னால் சுவரைக் காட்டினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் அது வெறும் அழுக்குச் சுவர். மஞ்சள் கறை, எறும்பு வரிசை. அந்த அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிச்சுப்போடுங்க, சரியாப் போயிரும்" என்றார் ஆறுதலாக. அப்போதுதான் மில்லிலிருந்து வந்த வீட்டுக்காரரைச் சாட்சிக்கு அழைத்தேன். அவர், "அது வந்துங்க... அதாவதுங்க..." என்று ஆரம்பித்து இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் கெடுத்தார்.

அந்த அம்மா சிரித்தபடி, "வாரேனுங்க" என்று கிளம்பிவிட்டார். செருப்பை மாட்டும்போது தன் மகளிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. "பெரியவங்களே இப்படியிருந்தா..."

எனக்குத் தாங்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லியும் நம்பாமல் ஒருத்தர் அப்படிச் சிரித்துவிட்டுப் போனால், உடம்பெல்லாம் எரிகிறது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இரட்டைச் சடை கேட் வரைக்கும் போய்த் திரும்பி என் மகளைப் பார்த்தாள்; நாளைக்குப் பார்க்கலாம் என்பதுபோல இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

பிறகு என் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"சொன்னாச் சொல்லீட்டுப் போறாங்க, உடுங்கம்மா" என்றாள்.