முந்தைய நாள் தேதியில் ஒரு பெயர்

புதுக்கோட்டையில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகம். யார் எந்தத் திருத்தம் செய்தார் என்பதைப் பெயரோடு பதிந்துகொள்ளும் ‘கிட்’ என்ற மென்பொருளைக் கணினிகளில் நிறுவிப் பராமரிப்பது என் வேலை.

விபத்தில் இறந்துபோன சக ஊழியனின் அப்பா, ஒரு மாதம் கழித்து அவன் பொருட்களை வாங்கக் கீரமங்கலத்திலிருந்து வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவன் செஞ்ச வேலைய ஒருதடவ பாக்கலாங்களா?”

திறந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முதல் வரியில் மகன் பெயர். பக்கத்தில் முந்தைய நாள் தேதி.

“நேத்துக்கூட வேல பாத்திருக்கானே!”

அவன் கணினியைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கொடுத்தபோது, கிட்டில் பெயரை மாற்ற மறந்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்தப் பொண்ணு ஒழைப்பு அது பேர்லதான் இருக்கணும் தம்பி. ஆனா நான் போனப்பறம் மாத்துங்க.”

அவர் போன பஸ் ஆலங்குடியைத் தாண்டியிருக்கும் என்று தோன்றிய பிறகே மாற்றினேன்.