ரப்பர் பாலில் ஒட்டிய ஸ்டாம்புகள்

இதைக் கையில் எடுப்பவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் எழுத்து கோணலாக இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு பேனாவைப் பிடித்ததெல்லாம் ரப்பர் கடையில் கையொப்பம் போடத்தான்.

ஆரியங்கோட்டில் வேறொருவருடைய தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிறேன். வயது ஐம்பத்து மூன்று. வீட்டில் நானும் மனைவியும் மட்டும், பிள்ளைகள் இல்லை. என் குரல் சிறுவயதிலிருந்தே தாழ்ந்த குரல். கடையில் ஒரு கட்டு பீடி கேட்டால்கூட இரண்டு தடவை கேட்க வேண்டும். நான் சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லாமல் கேட்ட ஒரே ஆள் என் மனைவிதான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து அவளுடைய இடது காது அடைத்தது; அடுத்த வருடம் வலது காதும் மங்கியது. இப்போது வலது காதின் பக்கத்தில் போய்க் கத்தினால் கொஞ்சம் கேட்கும். ஒரு முகாமில் இலவசமாகக் கொடுத்த கருவி ஓயாமல் கூவிக்கொண்டே இருந்ததால், அதைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். நல்ல கருவி வேண்டுமென்றால் அவளுடைய கம்மலையும் என் சைக்கிளையும் விற்றாலும் எட்டாது.

எழுதிக் காட்டலாமே என்று கேட்பார்கள். அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், ஆனால் மலையாளத்தில். எனக்குத் தமிழ் எழுத்து மட்டும் தெரியும், அவளுக்கு மலையாள எழுத்து மட்டும் தெரியும். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. பேச்சு ஒன்றாக இருக்கும்போது அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. அரிசி தீர்ந்தது, மழை வருகிறது, தலை வலிக்கிறது என்பதெல்லாம் கையாலும் தலையாலும் நடந்துவிடும். அதற்கு மேல் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும்.

ஸ்டாம்பு என்னிடம் வந்தது எனக்கு இருபது வயதாக இருந்தபோது. எங்கள் கிறிஸ்தவச் சபையின் பழைய பங்களாவுக்கு ஓடு மாற்ற வேண்டும் என்று வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஓட்டுக்குக் கீழே பலகைத் தட்டின்மேல் இரண்டு தகரப் பெட்டி நிறையக் காகிதம். கமிட்டிக்காரர், "கரையான் அரிச்ச சாதனம், எல்லாத்தையும் கொண்டு போய் தீ வையி" என்றார். பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டியபோதுதான் கவர்களில் ஒட்டியிருந்த ஸ்டாம்புகளைப் பார்த்தேன். திருவிதாங்கூரின் சங்கு போட்டது, மகாராஜா படம் போட்டது, வெள்ளைக்காரி தலை போட்டது, கப்பல் போட்டது. ஒவ்வொன்றாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கவர்களை எல்லாம் தீயில் போட்டேன். ஒரு பகல் முழுவதும் எரிந்தது.

படம் வரையும் பெரிய நோட்டு ஒன்று வாங்கினேன். பசை வாங்கத் தோன்றவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் மரத்துக்கு மரம் சிரட்டையில் பால் இருந்தது. செருப்பு அறுந்தால், குடைத்துணி கிழிந்தால், பைபிளின் அட்டை விட்டுப்போனால் நாங்கள் ரப்பர் பால்தான் தொட்டு ஒட்டுவோம். விரலில் தொட்டு ஸ்டாம்பின் முதுகில் நன்றாகத் தேய்த்து ஒட்டினேன். நோட்டு நிறைந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் பக்கம் புரட்டுவாள். இது எந்த ஊர், இது யாருக்கு வந்த கடிதம் என்று நான் எதையாவது இட்டுக்கட்டிச் சொல்வேன். என் வாழ்நாளில் நான் அதிகமாகப் பேசியது அந்த நோட்டைப் பற்றித்தான்.

இந்த வருடம் என் மச்சினன் அந்த நோட்டைப் பார்த்தான். அவளுடைய தம்பி, உதியன்குளங்கரை சந்திப்பில் போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். போனில் எதையோ தேடி என் மூக்குக்கு நேராக நீட்டினான். சங்கு போட்ட ஸ்டாம்பு ஒன்றுக்கு யாரோ பெரிய விலை கொடுத்ததாக அதில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

"அத்தான், நீங்க கோடீஸ்வரனாக்கும்! இதை வச்சுகிட்டா ரப்பர் வெட்ட போறீங்க?" என்றான். பிறகு அக்காளின் காதருகே குனிந்து, "அக்கா, உனக்க காதுக்கு மெஷின் வந்தாச்சு!" என்று கத்தினான்.

அவளுக்கு அது முதல் தடவையிலேயே கேட்டது.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பழைய நாணயமும் ஸ்டாம்பும் வாங்கும் கடை இருந்தது. மழையில் வெட்டு இல்லாத ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவள் சபைக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். கடைக்காரர் என்னைவிட இளையவர். அவளைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நோட்டை விளக்கின் அடியில் வைத்து விரித்தார். பக்கங்கள் ஒன்றோடொன்று பிடித்திருந்து சரசரவென்று பிரிந்தன.

"என்னத்த வச்சு சேட்டா ஒட்டினீங்க?"

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"ரப்பர் பாலா?" அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பாரென்று நினைத்தேன், சிரிக்கவில்லை. சின்ன இடுக்கியால் ஒரு சங்கு ஸ்டாம்பின் மூலையை மெல்ல நிமிர்த்தினார். ஸ்டாம்பு வரவில்லை. சங்கின் பாதி மட்டும் தோல் உரிவது போல உரிந்து வந்தது. அடியில் ரப்பர் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. அந்த நிறம் முன்பக்கத்திலும் ஊறி, மகாராஜாக்கள் எல்லாரும் மஞ்சள் காமாலை வந்தவர்கள் போல இருந்தார்கள்.

"வெள்ளத்துல ஊற போட்டா இளகாதா?" என்று கேட்டேன்.

"பசைன்னா இளகும். இது ரப்பராக்கும். காலத்துக்கும் நிக்கணும்னு தானே ஒட்டினீங்க? நிக்குது." பிறகு, "இதெல்லாம் கவரோட இருந்ததா?" என்றார்.

"இருந்துது."

"கவர் எங்க?"

"தீ வச்சேன்."

அவர் நோட்டை மூடிவிட்டு, "சாயா குடிக்கிறீங்களா?" என்றார். அவர் சொன்ன விலை அதுதான் என்று எனக்குப் புரிந்தது. கவரோடு இருந்திருந்தால் இரண்டோ மூன்றோ நல்ல விலைக்குப் போயிருக்கும் என்று சாயா வந்த பிறகு சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நோட்டின் கடைசியில் ஒட்டாமல் கிடந்த ஏழெட்டுச் சாதாரண ஸ்டாம்புகளை எடுத்துக்கொண்டு இருநூறு ரூபாய் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டேன். என் மனைவி பெஞ்சிலிருந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். அவளுக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். காது கேளாதவர்கள் தங்கள் சத்தம் எவ்வளவு என்று அறிய மாட்டார்கள். பஸ் பாலம் தாண்டியதும் அவள் தலையைத் தூக்கி, "அந்த பைசா அட்வான்ஸாக்கும், இல்லியா?" என்று கேட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஒரு பெண், "சேச்சிக்கு லாட்டரி அடிச்சிருக்கு போல" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அட்வான்ஸ் தானே?" என்று அவள் இன்னும் பலமாகக் கேட்டாள்.

நான் குனிந்து அவளுடைய காதில், இல்லை, ஒன்றும் கிடைக்காது, எல்லாம் பாழாகிவிட்டது என்று கத்த வேண்டும். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். மச்சினனிடம் சொன்னால் அவன் மலையாளத்தில் எழுதிக் கொடுப்பான். அதற்கு முன்னால் உதியன்குளங்கரை முழுவதும் அறிந்துவிடும். நாளை, நாளை என்று நாள் போனது. அதற்குள் அவள் சபையில் நாலு பெண்களிடம் சொல்லிவிட்டாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு கருவி விற்கும் கடைக்குப் போய்க் காதில் அளவும் எடுத்துவிட்டு வந்தாள். மெழுகு போல ஒன்றைக் காதுக்குள் வைத்து அச்சு எடுத்தார்களாம். அன்று சாயங்காலம் அவள் ஒரே பேச்சு.

"முதல்ல குக்கர் விசில் கேக்கணும். எத்தனை நாளா சோறு குழைஞ்சு போவுது! அது கழிஞ்சு நீங்க. நீங்க குக்கரை விட சத்தம் கம்மியாக்கும், மெஷினை கூட்டி வைக்கணும்."

நான் அதற்கும் தலையை ஆட்டினேன்.

கருவி தயார், பணத்தோடு வரச் சொல்கிறார்கள் என்று மச்சினன் வந்து சொன்ன மறுநாள், விடிகிற நேரத்தில் அவளையும் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். பட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுக்க அவள் அவ்வப்போது வருவதுண்டு. தோட்டத்தின் கடைசி வரிசைக்கு, ஆள் இல்லாத மூலைக்குப் போனதும் அவளுடைய வலது தோளைப் பிடித்து நிறுத்தி, "ஸ்டாம்புக்கு ஒண்ணும் கிட்டாது" என்றேன்.

"என்ன?"

"ஒண்ணும் கிட்டாது! ரப்பர் பால் நாசமாக்கிச்சு!"

"சத்தமா சொல்லுங்க."

நான் கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. கையாலை மண்சுவருக்கு அப்புறத்துத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்தவன், "எலே மக்கா, எனக்கு கேட்டாச்சு! உனக்க பொண்டாட்டிக்கு கேட்டுச்சா?" என்று கூவினான்.

அவளுக்கும் கேட்டுவிட்டது. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்போ அந்த இருநூறு?"

"ஒட்டாததுக்கு."

"பின்ன பஸ்ஸுல எதுக்கு தலையாட்டினீங்க?"

அவள் சத்தமாகக் கேட்கவில்லை. எப்படியோ அன்று அவளுடைய குரல் பழைய அளவில் இருந்தது. எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது காதில் கத்திச் சொல்லக்கூடிய பதில் இல்லை. கையாலைக்கு அப்புறம் ஒருவன் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். நான் குனிந்து சிரட்டையைத் துடைத்தேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.

கருவி வேண்டாம் என்று தம்பியிடம் அவளே சொல்லி அனுப்பினாள். காதுக்கு எடுத்த அச்சு வேறு யாருக்கும் பொருந்தாது என்பதால் அதை மட்டும் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அரிசி தீர்ந்ததா என்று நான் கையால் கேட்டால், பானையைத் திறந்து காட்டுகிறாள். மழை வருமா என்று அவளே வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறாள். முன்பெல்லாம் நான் தலையை ஆட்டினால் போதும்.

வெட்கத்தினால்தான் தலையாட்டினேன். பஸ்ஸில் அத்தனை பேர் பார்த்தார்கள். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

2023, அக்டோபர் 26, வியாழக்கிழமை.