டில்லிபாபுவின் ஆசீர்வாதம்

சரியாக இரண்டு மணிக்கு டில்லிபாபு, வாசலில் நிற்பவர் யாராயிருந்தாலும், அவர் மூக்குக்கு நேரே ஷட்டரை இறக்குவார். "நாலு மணிக்கு வாங்க" என்று இரும்புக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வரும். பிறகு பெஞ்சு கிறீச்சிடும். இரண்டு நிமிடத்தில் குறட்டை.

பென்னலூரில் அந்த நேரத்தில் டீக்கடையை மூடுகிற ஆள் அவர் ஒருவர்தான். இரண்டரைக்கு மேல் முதல் ஷிப்ட் விடும். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களைக் கொட்டிவிட்டுப் போகும். மற்ற டீக்கடைக்காரர்கள் அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே காலையிலிருந்து காத்திருப்பார்கள். இவர் தூங்குவார். ஏன் என்று கேட்டால், "கிரீஸ்ல ரெண்டு மணிக்கு மேல நாய் கூட ரோட்ல நடக்காது, தெரியுமா?" என்பார்.

கிரீஸ் என்றால் இந்தப் பக்கத்தில் மெஷினுக்குப் போடுவது. சங்கரன்கோவிலில் இருந்து வந்து பிரேக் கம்பெனியில் வேலை பார்க்கும் பேச்சிராஜ், முதன்முதலாக அதைக் கேட்டபோது, "எந்தக் கம்பெனி கிரீஸ் அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு அவருக்கு டீ வரவில்லை.

டில்லிபாபு கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அவர் வேலை பார்த்த சரக்குக் கப்பலின் முதலாளி ஒருநாள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டுக் காணாமல் போய்விட்டான். கிரீஸ் நாட்டுக் கோர்ட்டு கப்பலை நங்கூரம் போட்ட இடத்திலேயே பிடித்துவைத்தது. ஆளில்லாமல் கப்பலை விடக்கூடாது என்று ஐந்து பேரை நிறுத்தினார்கள். ஐந்து பேருக்கும் சோறு வேண்டுமே, அதனால் சமையல்காரர் தப்ப முடியவில்லை. எதிரே கரையில் தொண்ணூறு வீடுகள் உள்ள ஒரு மீன்பிடிக் கிராமம். பகலில் இறங்கி நடக்கலாம், அதைத் தாண்டிப் போகக் கூடாது. அப்படியே இரண்டு வருடம். ஊர்ப் பெயர் என்ன என்றால், "அத்த சொல்ல உனக்கு வேற நாக்கு ஓணும்" என்பார்.

அந்த இரண்டு வருடத்தைத்தான் பத்து வருடமாகப் பென்னலூரில் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறார். டீ கேட்டால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார். அவசரப்படுத்தினால் "சிகா சிகா" என்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் அதை வேறு அர்த்தத்தில் திருப்பிச் சொல்வதுண்டு. கடைமுன் கிடக்கும் நாற்காலிகள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை, எல்லாமே ரோட்டைப் பார்த்துக் கிடக்கும். அங்கே கடலைப் பார்த்துப் போட்டிருப்பார்களாம். இங்கே கடலுக்குப் பதில் கன்டெய்னர் லாரி. புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீள டிரெய்லர் ஒன்று போனால், வலை நிறைந்த படகைப் பார்த்தவர்போல, "இன்னிக்கு நல்ல பாடு" என்பார்.

மாதத்துக்கு ஒருமுறை காசிமேட்டுக்குப் போய்ப் பேய்க்கணவாய் வாங்கி வருவார். எட்டுக் காலும் தொங்க அதைத் தூக்கி, அடிபம்பு மேடையில் நாற்பது தடவை ஓங்கி அடிப்பார். வாய்விட்டு எண்ணிக்கொண்டே அடிப்பார். அங்கே பாறையில் அடிப்பார்களாம், அப்போதுதான் கறி மெத்தென்று வருமாம். பிறகு துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். மகள் கவிப்பிரியாவின் கம்பெனி யூனிஃபார்முக்கும் மனைவி மஞ்சுளாவின் உள்பாவாடைக்கும் நடுவில் அது தொங்கியதைக் கண்ட கூரியர்காரர், கையெழுத்துக்கூட வாங்காமல் பார்சலை வாசலில் போட்டுவிட்டுப் போனார்.

பெயர் நாள் என்று இன்னொன்று. அந்த ஊரில் பிறந்த நாளைவிட அதுதான் பெரிதாம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு, அந்தப் பெயர்க்காரர்தான் ஊருக்கு இனிப்பு கொடுக்க வேண்டும். பென்னலூரைப் பொறுத்தவரை எந்தப் பெயருக்கு எந்த நாள் என்பதை டில்லிபாபுவே முடிவு செய்கிறார். பெருமாள்சாமி என்று ஒரு சூப்பர்வைசர் உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போக லீவு கேட்டால், "உங்க ஊர்ல மட்டும்தான் பொங்கலா?" என்று கேட்பவர். ஒரு சனிக்கிழமை அவர் டீக்கு வந்தபோது இருபது பேர் எழுந்து கைகுலுக்கினார்கள். "இன்னிக்கு உங்க பேர் நாளு சார்." பெருமாள்சாமி விழித்தார், சிரித்தார், கடைசியில் இரண்டு கிலோ ஜாங்கிரி வாங்கினார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் அவருடைய பெயர் நாள் மூன்று முறை வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஆசீர்வாதம். வண்டி வாங்கினவர், வேலை நிரந்தரமானவர், வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போட்டு வந்தவர் என்று யார் வந்தாலும் டில்லிபாபு கண்ணை மூடி, வலது கையைத் தூக்கி, அடித்தொண்டையில் சொல்வார்: "சிகோ வ்ரே காய்தரே, மு க்ரீவிஸ் தி தாலசா." கேட்பவர்கள் தலை குனிந்து வாங்கிக்கொள்வார்கள். பெருமாள்சாமி செருப்பைக் கழற்றிவிட்டே வாங்கினார். மஞ்சுளாவுக்குத் தினமும் காலையில் முதல் காபியோடு இது உண்டு. "காய் தரேன்னு வருது பாரு, நல்ல வாக்குதான்" என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் கவிப்பிரியாவுக்கு வரன் வந்தது. பையன் பெயர் திருமலை, டயர் கம்பெனியில் வேலை. இரண்டு வருடமாக ஒரே பஸ்ஸில் போய்வந்து, இரண்டு பேரும் பேசி முடித்த பிறகுதான் வீடுகளுக்குச் சொன்னார்கள். ஜாதகம் பொருந்தியது. சம்பளம் பொருந்தியது. ஒன்றுதான் உறுத்தியது. பெண்ணின் அப்பா இரண்டு வருடம் எங்கே போயிருந்தார்? ஜெயிலில் இருந்ததாக யாரோ பையன் வீடு இருக்கும் வல்லக்கோட்டை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். விசாரித்து வரும்படி திருமலையின் அப்பா தன் தம்பி பாண்டுரங்கனை அனுப்பினார்.

பாண்டுரங்கன் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு ஐந்து.

பின்னாலிருந்த வீட்டிலிருந்து மஞ்சுளா ஓடிவந்து ஷட்டரை இரண்டு கையாலும் அடித்தார். "யார் வந்துகிறாங்க பாரு. சம்பந்தி வூட்டுக்காரங்க." உள்ளே குறட்டை ஒரு நொடி நின்றது. "நாலு மணிக்கு" என்ற குரல் வந்தது. குறட்டை திரும்பத் தொடங்கியது. பாண்டுரங்கன் மேல்துண்டால் விசிறிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் லாரிகளைப் பார்த்தார்.

நாலு மணிக்கு முகம் கழுவி வெளியே வந்த டில்லிபாபு, வந்தவருக்குத் தண்ணீர் வைத்து, கையைத் தூக்கி முழு ஆசீர்வாதத்தையும் சொன்னார். பாண்டுரங்கன் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அதில் தாலி என்று ஏதோ வந்தது அவருக்குப் பிடித்திருந்தது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரெண்டு வருசத்த பத்தி தலைக்கு ஒரு பேச்சு பேசறாங்க. உள்ள இருந்தீங்கன்னு கூட சொல்றாங்க."

"கிரீஸ்ல இருந்தேங்க."

"அதுக்கு இன்னா அத்தாட்சி?"

அத்தாட்சி ஒன்றுமில்லை. போட்டோ எடுத்த போன் அங்கேயே கடலில் விழுந்துவிட்டது. பழைய பாஸ்போர்ட் இருந்த பெட்டி அந்தப் பெருமழை வருடத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. டில்லிபாபு கல்லாவைப் பார்த்தார். ஷிப்ட் முடிந்து வந்து ஓரமாக நின்ற கவிப்பிரியாவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவள் குவாலிட்டி செக்கிங்கில் இருப்பவள், அழுவதற்கு முன் வழி தேடினாள். போனை எடுத்தாள்.

"அப்பா அந்த பாஷை பேசுவாரு, சித்தப்பா. இதுல ஒரு ஆப் கீது. அவர் பேசுனா அது தமிழ்ல சொல்லிடும். பொய்யின்னா தெரிஞ்சிடும்ல?"

டில்லிபாபுவின் முகம் அப்படி மாறி யாரும் பார்த்ததில்லை. "வாணாம்மா. மிஷினுக்கு இன்னா தெரியும்?"

"எனக்கு இப்ப ஒண்ணு சொன்னீங்களே, அதையே சொல்லுங்க" என்றார் பாண்டுரங்கன்.

டில்லிபாபு மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தார். போனுக்குள் முணுமுணுத்தார். புரியவில்லை, மீண்டும் சொல்லவும் என்றது அது. இனி தப்ப வழியில்லை. பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய அந்த வாக்கியத்தை அவர் தெளிவாகச் சொன்னார். போனிலிருந்து ஒரு பெண்குரல் மிகப் பணிவாக, டீக்கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னது:

"எழுந்திரு, கழுதையே. நீ என் கடலை மறைக்கிறாய்."

டீக்கு வந்து நின்ற பேச்சிராஜ் கண்ணாடி ஜாடியைப் பார்த்தார். "கடலைய யாரு மறைச்சா அண்ணாச்சி? ஜாடி இங்கனதான இருக்கு."

"அது சமுத்திரம்டா" என்றார் டில்லிபாபு, தலையைத் தூக்காமல்.

மஞ்சுளா பஜ்ஜிக் கரண்டியோடு முன்னால் வந்தார். "டெய்லி காலைல காபி குடுக்க சொல்ல எனக்கு சொன்னது இதானா?"

"அதான்."

"பத்து வருசமா?"

"பத்து வருசமா."

"அந்த சூப்பர்வைசர் சாருக்கும்?"

"அந்தாளுக்கு மனசார சொன்னேன்."

பாண்டுரங்கன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். போகப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "ஒரு வெள்ளைக்காரன் ஊரு பாஷையில, வூட்டுக்கு வந்த சம்பந்தியை கய்தைன்னு சொல்லணும்னா, அந்த ஊர்ல ஒருத்தன் இவர கய்தைன்னு சொல்லி இருக்கணும்" என்றார் நிதானமாக. "யாரு சொன்னான் உங்கள?"

டில்லிபாபு பால் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கிரீஸ் பற்றி இத்தனை நாள் பேசிய குரல் அதில் இல்லை.

"ஒரு கிழவங்க. காபிக்கடைல குந்திகினு இருப்பான். நான் தினம் கரைக்கி போயி அவனுக்கு முன்னாடி இருந்த சேர்ல குந்திகினு எங்க கப்பலையே பாத்துகினு இருப்பேன். இன்னைக்கி வுடுவாங்களா, நாளைக்கி வுடுவாங்களான்னு. எனக்கு பின்னால அவனுக்கு கடல் தெரியாது. தினம் கத்துவான், இதே வார்த்தைய. எனக்கு அர்த்தம் தெரியாது. அந்த ஊர்ல மொத ரெண்டு மாசம் என்னாண்ட பேசின ஒரே ஆளு அவன்தான். கப்பல்ல மத்த நாலு பேரும் வேற வேற நாடு, ஒருத்தன் பாஷை ஒருத்தனுக்கு தெரியாது. வூட்டுக்கு போன் பண்ணா நல்லா கீறேன்னு மட்டும் சொல்லி வெச்சிடுவேன். வேற இன்னா சொல்றது? அதனால இந்த கத்தல கேக்கவே தினம் போவேன். அர்த்தம் தெரிஞ்ச பொறவும் நகரல. அப்புறம் ஒரு நாள் ஜொரம், போவல. மறுநாள் போனா, என் சேர எடுத்து அவன் பக்கத்துல போட்டுகினு குந்திகிறான். காபி வெச்சான். மூணாவது ஆளு ஒருத்தன் குறுக்க வந்து நின்னான். கிழவன் என்னை பாத்தான், நீ சொல்லுன்னு. நான் சொன்னேன்."

"இன்னான்னு?" என்றாள் கவிப்பிரியா.

"கய்தை, கடல மறைக்காதன்னு. கடையே சிரிச்சிது. அன்னைலேர்ந்து நான் அந்த ஊருக்காரன்."

பாண்டுரங்கன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு டில்லிபாபுவிடம் நெருங்கி, குரலைத் தாழ்த்தினார். "அத்த மெதுவா இன்னொரு வாட்டி சொல்லுங்க. ஆவணியில நிச்சயம் வெச்சிக்கலாம்னு எங்க அண்ணன்கிட்ட சொல்ல போறேன். இதையும் சேர்த்து சொல்லிட்டா நல்லா இருக்கும். சின்ன வயசுலேர்ந்து அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு கீது."

சொல்லிக் கொடுத்தார். 'வ்ரே' பாண்டுரங்கனுக்கு வரவில்லை, 'காய்தரே' பிரமாதமாக வந்தது. அதைச் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினார்.

அதற்குள் கடைமுன் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏழெட்டுப் பேர் பஜ்ஜிக்கு நின்றார்கள். மஞ்சுளா எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக் கீழே இறக்கினார். முந்தானையில் கையைத் துடைத்தார். ஒரு முக்காலியை இழுத்து, கணவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"ஜொரம்னு சொன்னியே" என்றார். "அன்னிக்கி யாரு பாத்துக்கினா உன்ன?"