வரிசையில் ஒரு பக்கெட்

திருவொற்றியூர்க் கடற்கரையைச் சுத்தம் செய்ய அடையாறிலிருந்து வேனில் வந்து இறங்கியிருக்கிறோம். கையில் புது உறை, தலையில் புதுத் தொப்பி. மணல் முடிந்து தெரு தொடங்குகிற இடத்தில் பிய்ந்த செருப்பு, அரைச் செங்கல், ஓட்டை பக்கெட், துருப்பிடித்த எண்ணெய் டின் எல்லாம் நேர்க்கோட்டில் கிடக்கின்றன. இந்த ஊர்க் குப்பைக்குத்தான் எவ்வளவு ஒழுங்கு என்று வியந்தபடி அத்தனையையும் சாக்கில் போட்டு, காலால் மிதித்து அழுத்திக் கட்டுகிறேன்.

காலிக் குடத்தோடு ஓர் அக்கா ஓடி வருகிறார்.

"இன்னா நைனா பண்ணிகினு கீற? அது தண்ணி லாரிக்குப் போட்ட வரிசை!"

குடத்தை வைத்துவிட்டுப் போனால் காணாமல் போய்விடுமாம். அதனால் இடம் பிடிக்க உடைசல்.

"பீச் சுத்தமா இருக்கட்டும்னுதான் அக்கா..."

"இருக்கட்டும். எங்களாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

சாக்கைக் கொட்டுகிறேன். அதற்குள் கூடிவிட்ட பெண்கள் ஒவ்வொருவரும் தான்தான் முதல் ஆள் என்கிறார்கள். பெரும் சத்தத்துக்குப் பிறகு வரிசை ஒருவழியாகத் திரும்புகிறது. அக்காவின் பக்கெட் மட்டும் என் மிதியில் தூளாகியிருக்கிறது. அவர் என் தோளைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்துகிறார்.

"இனிமே நீதான் என் பக்கெட்டு. அடுப்புல கொழம்பு கீது, வூட்டாண்ட போய்ட்டு வந்துர்றேன். நவுராத."

தூரத்தில் குழுப் படத்துக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு முன்னால் செருப்பு, பின்னால் செங்கல். நான் நகரவில்லை.