அத்தையின் போட்டோவில் நான் நின்றது

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் அளவுக்குப் போட்டோ போடுகிறவர் யாரும் கிடையாது. காலையில் வாங்கிய கீரைக்கட்டு, முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஏறிய முதல் படிக்கட்டு, லிங்கராஜபுரத்தில் நானே நின்று கட்டிய மூன்று மாடி வீடு, அதன் வாசலில் என் பெயர் எழுதிய லாரி, எல்லாவற்றையும் போடுவேன். மருமகள்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். போகட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், தலையில் பந்தல் கம்பி சுமந்து ஆரம்பித்து, இன்றைக்கு ஒரே முகூர்த்தத்தில் ஏழு கல்யாணத்துக்கு ஷாமியானா அனுப்புகிறேன். நான் போடாமல் வேறு யார் போடுவது?

ஆனால் நான் அதிகம் போட்டது ஒரு பழைய கறுப்புவெள்ளைப் படம்தான். என் சிறுவயதில் எடுத்தது அது ஒன்றே ஒன்று. அல்சூரில் ஒரு ஸ்டூடியோ. பின்னால் திரையில் வரைந்த ஏரி, அதில் இரண்டு அன்னம். முன்னால் என் அத்தை, அப்பாவின் தங்கை. அவள் பக்கத்தில் ஆறு வயது நான், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. யாரும் கூப்பிடாமலே ஓடிப்போய் நின்றவன் என்று அதன் கீழே தவறாமல் எழுதுவேன்.

அப்போது நாங்கள் ஜோகுபாளையத்தில் இருந்தோம். அத்தைக்குப் பத்தொன்பது வயது. பஜாரில் ஒரு தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் வேலை. தங்கவயலில் இருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சுரங்கத்தில் மேஸ்திரி. முதல் மனைவி தவறிப்போனவர். பெரிய பிள்ளைகள் இரண்டு. அம்மா ஒரே ஒரு தடவை, வயசு ஜாஸ்தியாச்சே என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. கம்பெனி குவார்ட்டர்ஸ், நிரந்தர வேலை, வேறென்ன வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் அப்பா சொல்லாமல் ஒரு டம்ளர்கூட இடம் மாறாது. அத்தையை யாரும் கேட்கவில்லை. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். பிடித்தால் அடுத்த ஞாயிறே தட்டோடு வருவார்கள்.

போட்டோவுக்குப் போகிற அன்று அத்தை என் தலையைத் தண்ணீர் விட்டு வாரி, பவுடர் பூசி, தீபாவளிச் சட்டையைப் போட்டுவிட்டாள். இவனுக்கு எதுக்கு இதெல்லாம் என்று அப்பா கேட்டதற்கு, துணைக்கு வரட்டுமே அண்ணா என்றாள். அப்பா இரவல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, பின்னால் நாங்கள் நடந்தோம். சைக்கிளுக்குப் பூட்டு இல்லை. அதனால் அப்பா வெளியே காவலுக்கு நின்றார். நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

போட்டோ எடுக்கிற சாயபு என்னைச் சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். "ஏ சோட்டு, அங்கேயே இரு. அசைஞ்சா உன் மூஞ்சி ஏரியிலே விழுந்துடும்" என்றார். அத்தையின் முகவாயை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிவிட்டு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே வந்து பிளேட்டை மாட்டி, லென்ஸ் மூடியில் கை வைத்தார். அந்த நேரம்தான் நான் பாய்ந்தேன். அத்தையின் கை என் தோளைச் சுற்றி விழுந்தது. சாயபு சுதாரிப்பதற்குள் மூடி திறந்து, படம் பதிந்துவிட்டது. அப்பா காசு கொடுத்தது ஒரு படத்துக்குத்தான்.

படம் கைக்கு வந்தபோது அப்பா அங்கேயே கொதித்தார். "இவனை வெட்டி எடுத்துடுங்க பாய்."

"எடுக்கலாம் சார். பொண்ணோட ஒரு கையும் கூடப் போயிடும். தங்கவயல்காரங்க பரவாயில்லன்னுவாங்களா, கேட்டுட்டு வாங்க."

ஆடி பிறக்க நாலு நாள்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் அப்பா அந்தப் படத்தையே அனுப்பினார். சும்மா அனுப்பியிருக்கலாம். பின்பக்கத்தில், பக்கத்தில் நிற்பது என் மகன், சந்தேகம் வேண்டாம் என்று எழுதி அனுப்பினார். சந்தேகமே படாதவனுக்கும் அங்கேதான் சந்தேகம் முளைத்திருக்கும்.

அத்தையை உரித்து வைத்தது போல இருக்கிறான் என்று எங்கள் தெருவே என்னைக் கொஞ்சும். தங்கவயலிலிருந்து வந்த கார்டிலும் அதையேதான் எழுதியிருந்தார்கள், கொஞ்சலாக இல்லை. பையன் பெண்ணின் ஜாடையில் இருக்கிறான், மேற்கொண்டு எழுத வேண்டாம் என்று இரண்டே வரி. கார்டு என்பதால் எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் தெருவில் நாலு வீடு படித்திருந்தது. படம் தனியாக ஒரு கவரில் பின்னால் திரும்பி வந்தது.

அப்பா பெல்ட்டைக் கழற்றினார். "உன்னை யார்றா அங்க போய் நிக்கச் சொன்னது? மானம் போச்சேடா, பேமானி!" நான் அழவில்லை. யாரும் சொல்லலை, நானேதான் போனேன் என்றேன். அதற்கும் சேர்த்து விழுந்தது. மற்ற நாளில் நடுவில் பாய்ந்து தடுக்கிற அத்தை அன்றைக்குக் கதவோரம் நின்று தாவணி நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே போன பிறகுதான் வந்து முதுகில் தேங்காய் எண்ணெய் தடவினாள். மறுநாள் பேக்கரியிலிருந்து, தேங்காயும் சர்க்கரையும் அடைத்த தில்பசந்த் வாங்கி வந்து, முழுசும் உனக்குத்தான் என்று கையில் கொடுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அவள் வேலை பார்த்த தையல் கடையின் கட்டிங் மாஸ்டரையே கட்டிக்கொண்டாள். அப்பாவுக்கு வேறு வரன் அகப்படவில்லை. கல்யாணத்தைக் கெடுத்தவன் என்ற பெயர் எனக்கு நின்றுவிட்டது. நான் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன். ஆறு வயதில் ஒரு கல்யாணத்தை நிறுத்த எத்தனை பேரால் முடியும்?

போன மாதம் ஈஜிபுராவில் அத்தை பேத்திக்கு நிச்சயதார்த்தம். பந்தல் என்னுடையது, சொல்லவா வேண்டும்? மாப்பிள்ளை வீட்டாரிடம் போனை நீட்டி, நான் ஓடிப்போய் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் அத்தை, எண்பது வயதை நெருங்குகிறவள், பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா அளக்காதடா. நீ எங்க ஓடியாந்தே? நான்தானே கண்ணைக் காட்டி வாடான்னு கூப்பிட்டேன்."

"என்ன அத்தே சொல்றே?"

"தள்ளி நின்னா எங்கண்ணன் வெட்டிட்டு அனுப்பிடும்னுதானே தோள்ல கையைப் போட்டு இறுக்கிக்கிட்டேன். இத்தனை வருஷம் இவன் பெருமையைக் கெடுப்பானேன்னு இருந்தேன். இப்ப சம்பந்திங்ககிட்டயும் ஆரம்பிச்சிட்டான்."

"அடி வாங்கினது நான்!"

"உனக்கு ஒரு நாள் அடி. நான் போயிருந்தா?" என்று கேட்டுவிட்டு, பாயசம் இன்னொரு டம்ளர் கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த 'வாடா' எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கதையைப் பலமுறை சொல்லிச் சொல்லி, நடுவில் எங்கேயோ அதை நான் உதிர்த்திருக்கிறேன். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்தது. இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது.

அந்தக் கார்டைப் படித்த நாலு வீட்டில் ஒரு வீடு வாயைத் திறந்திருந்தால் போதும், அத்தையின் பெயர் ஜோகுபாளையத்தில் நாறியிருக்கும். மாஸ்டரும் கிடைத்திருக்க மாட்டார். அதெல்லாம் பத்தொன்பது வயதில் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. சாயபு லென்ஸ் மூடியைத் திறந்தபோது, என் தோளில் கிடந்த கை கிடுகிடு என்று நடுங்கியது. மூன்று கால் வைத்த அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் பயப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால், உதட்டைப் பிரிக்காமல் முணுமுணுத்தேன்:

"பயப்படாதே அத்தே. நான் இருக்கேன்."